ஏனையோர்

காலை ஏழு மணி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி.
வின்னிபெக், பெம்பினா சாலை, டயர்க் கடைக்கு எதிரே
நிற்கிறேன். கையில் அட்டை, அட்டையில் தாள்,
தாளில் நான்கு கட்டம்:
நடப்போர், சைக்கிள், சக்கர நாற்காலி, ஏனையோர்.
பேனா மை உறைந்துவிட்டது.
பென்சில் கொண்டுபோங்கள் என்று
முதல் வகுப்பிலேயே சொன்னார் ஃப்ரீஸன்.
நான் அதை உவமை என்று எடுத்துக்கொண்டேன்.

முதுகலை, இரண்டாம் பருவம்.
ஸ்டூடியோவில் பதினொரு பேர் உட்கார்ந்து
நீடித்த வளர்ச்சிக்கு வண்ணம் தீட்டுகிறோம்.
நாங்கள் வரையும் தெருவில் எப்போதும் ஜூன் மாதம்.
வெட்டி ஒட்டும் மனிதர்கள் எல்லோரும் ஒல்லி,
அரைக்கைச் சட்டை, கையில் காபி,
எவர் தோளிலும் சுமை கிடையாது.
மரங்களுக்கு
நட்ட அன்றே முப்பது வயது.
ஏட்டுச் சுரைக்காய்தான், தெரியும்.
அதற்குத்தான் ஊரில் ஒரு வங்கிக்குப்
பதினொன்றரை சதவீதம் வட்டி போகிறது.

ராத்திரி பெய்த பனிமேல்
ஒருவன் குறுக்கே இறங்கினான்.
சிக்னல் நானூறு மீட்டர் தள்ளி.
அடுத்து வந்தவர் அவன் கால் பதித்த குழியிலேயே
கால் வைத்தார்.
ஏழாவது ஆளுக்கு அது வழி.
கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் இதைச் சொல்லலாம்.
பிஸ்கட் இல்லை, வரைபடத்தில் ஒட்டப்
பச்சைப் பொட்டு சிவப்புப் பொட்டு இல்லை,
மைக்கை யாரும் பிடுங்கவில்லை.
வந்தார்கள், காலால் சொன்னார்கள், பேருந்து ஏறினார்கள்.

ஏழு நாற்பதுக்கு ஒரு பெண்.
கோட்டுக்குக் கீழே முதியோர் இல்லத்தின் ஊதாச் சீருடை.
பிளாஸ்டிக் சறுக்குவண்டியைக் கயிற்றால் இழுத்துவந்தாள்,
வண்டியில் ஒரு பிள்ளை, தூக்கத்தில்,
பிள்ளையின் மடியில் சலவைத்தூள் டப்பா.
எந்தக் கட்டம் என்று பென்சில் தயங்கியது.

"என்ன எண்ணுகிறாய்?"
"உங்களைத்தான்."
"அப்படியானால் இரண்டாகப் போடு, திரும்பியும் வருவேன்."
கயிற்றைக் கை மாற்றிக்கொண்டாள்.
"போன வருஷமும் ஒரு பையன் எண்ணினான்.
மஞ்சள் ஜாக்கெட். மரியாதையான பையன்."
அதில் குத்தல் இருந்ததா என்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.
பெயர் லிகாயா என்றாள். பெயருக்குக் கட்டமில்லை.

பத்து மணி.
கால்விரல்கள் இருப்பதாக ஒரு நம்பிக்கை மட்டும்.
என் பேருந்து எதிர்ப்பக்கம்.
சிக்னலுக்கு நானூறு, அங்கிருந்து திரும்ப நானூறு.
நிலப் பயன்பாட்டுச் சட்டத்தாளில்
தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கியவள் நான்.
இரண்டு லாரிகளுக்கு நடுவே பார்த்துக்
குழி குழியாகக் கால் வைத்துக்
கடந்தேன்.

அறிக்கை பதினெட்டுப் பக்கம்.
நடப்போர் நூற்று எழுபத்தொன்று.
சைக்கிள் இரண்டு, ஒரே ஆள், போனதும் வந்ததும்.
சக்கர நாற்காலி மூன்று,
நடைபாதையில் பனி அள்ளாததால் மூவரும் வண்டிப்பாதையில்.
ஏனையோர் முப்பத்தெட்டு.
பரிந்துரை: இவ்விடத்தில் ஒரு கடவை.
இணைப்பில் மாநகரின் நீண்டகாலத் திட்டம்,
அதிலும் அந்தக் கடவை இருக்கிறது,
மூன்றாம் கட்டம், இரண்டாயிரத்து நாற்பத்தொன்று,
நிதிநிலையைப் பொறுத்து.
வண்டியில் தூங்கிய பிள்ளைக்கு
அப்போது ஓட்டு இருக்கும்.

தாள் திரும்பி வந்தது.
முறை தெளிவு, நடை நன்று.
'ஏனையோர்' மிக அதிகம், வகைப்படுத்த முடியுமா?
கீழே, மொத்தம் என்ற இடத்தில்
நான் எழுதிய இருநூற்றுப் பதினைந்தைச் சுற்றிச்
சிவப்பு வட்டம்.
கூட்டலில் ஒன்று இடிக்கிறது, சரிபார்க்கவும்.

சரிபார்த்தேன்.
இடிக்கத்தான் செய்தது.
அப்படியே விட்டுவிட்டேன்.