கோழியின் விலை

தோங்கெரன் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை
ஐந்தரை மணிக்கே விடிந்துவிடும்,
சூரியனைக் கேட்காமல்.
ரோமானிய மதிலோரம் வேன்கள் பின்கதவைத் திறக்க
போய்ச்சேர்ந்தவர்களின் அடுக்களைகள்
மேஜை மேஜையாக இறங்கும்.

நவம்பர் தூறல்.
எனக்கு முன்பே வந்து நிற்கிறார் ஃபான்ஹௌட்,
ஹாசெல்ட்டில் பல் மருத்துவர், என் பல்லுக்கும் அவரே.
நெற்றியில் கட்டியிருக்கும் விளக்கு
என் வாய்க்குள் பார்க்கும் அதே விளக்குதானா என்று
இதுவரை கேட்டதில்லை.
தலையசைத்துக்கொள்கிறோம்.
கிளறிய பெட்டி எது, கிளறாதது எது,
ஒருவருக்கொருவர் மூச்சு விடுவதில்லை.

பெட்டிக்குள் கை விடுவதற்கு முறை இருக்கிறது:
விரலை மடக்கி, புறங்கையால்,
தூங்கும் நாயைத் தொடுவதுபோல.
உளிகள் தூங்குவதில்லை.
ஸ்பூன், ஸ்பூன், கதவுப்பிடி,
பொம்மையின் கால்,
ஸ்பூன்,
பிறகு திடீரென்று அந்தக் குளிர்ச்சி,
நல்ல எஃகுக்கு மட்டுமே உள்ள குளிர்ச்சி.
எடுத்துப் பார்த்தால்
பனியில் சறுக்கும் செருப்பின் தகடு.

மூன்றாவது வரிசையில் கோடலீவ்.
பெயரில் முக்கால் கோடாலி இருந்தும்
கருவி பற்றி ஒன்றும் தெரியாது என்பாள்.
அவள் மேஜையில்தான், விளக்குக் குடையின் அடியில்,
மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது
பீச் மரத்து இழைப்புளி,
நூறு வருஷத்து உள்ளங்கை ஏறிக் கறுத்தது.
முகப்பில் அடித்த பெயர்கள் மூன்று.
லெனார்ட்ஸ்.
அதன்மேல் பாதி ஏறி, ஸ்விலன்.
ஓரத்தில் இடமில்லாமல் தலைகீழாக, ரூலன்ஸ்.
முன்னவன் பெயரை ஒருவனும் சீவி எறியவில்லை,
சீவும் கருவி கையிலேயே இருந்தும்.

வேண்டியதைப் பார்க்கக் கூடாது,
அதுதான் சந்தைக்கு அரிச்சுவடி.
நான் கோழியைப் பார்த்தேன்.
முதுகைத் தூக்கினால் உள்ளே முட்டை வைக்கும்
பீங்கான் கோழி, கொண்டையில் சிறு விள்ளல்.
'என்ன விலை?'
'பதினைந்து,' என்றாள். 'இழைப்புளி நாற்பது.'
'நான் கோழியைத்தானே...'
'இருபது வருஷமாக இந்தக் கோழி என்னோடு வருகிறது.
இதை விசாரித்த ஒருவரும்
கோழி வாங்க வந்தவரில்லை.'

நாற்பதையும் எண்ணிக் கொடுத்தேன்.
தகடு இருந்தது; துருவுக்கு அடியில்
இன்னொரு ஆயுசுக்குப் போதுமான நீளம்.
தகட்டை இறுக்கும் ஆப்பைத்தான் காணோம்.
ஆப்பில்லாவிட்டால் இது வெறும் கட்டை.
'அதுவா,' என்றாள்,
மடியில் விழுந்த வாஃபிள் தூளைத் தட்டியபடி,
'தொலைந்துவிடக் கூடாதே என்று
கோழிக்குள் போட்டுவைத்தேன்.'

இருவரும் திரும்பினோம்.
கோழி இருந்த இடத்தில்
நனையாத ஒரு வட்டம்.
மேஜையின் மறுகோடியில் அவள் மகன்
பதினைந்து யூரோவை எண்ணிக்கொண்டிருந்தான்.
அங்கே மதிலோரமாக ஒரு நெற்றி விளக்கு
அசைந்து அசைந்து போகிறது,
நான் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்த பொருளில்
ஏதோ இல்லாமலா இருக்கும் என்ற நம்பிக்கையுடன்,
அக்குளில் கோழியுடன்.

கூப்பிட்டிருக்கலாம்.
கூப்பிட்டால் விலை ஏறும்.

வீட்டில் ஒரு பேரி மரத்துண்டு கிடக்கிறது.
செதுக்கினால் புது ஆப்பு, ஒரு மணி நேர வேலை.
செதுக்கவில்லை.
மூன்று பேர் சுத்தியலால் தட்டித் தட்டி
தலை சப்பிய ஆப்பு ஒன்று
ஹாசெல்ட்டில் ஒரு பீங்கான் வயிற்றில்
அடைகிடக்கும்போது
கை போகவில்லை.

வியாழக்கிழமை மாலை நாலரைக்கு
அவர் நாற்காலியில் எனக்குக் கடைவாய்ப் பல்.
அதற்குள் கோழியைத் திறந்து பார்த்திருப்பார்.
யாருக்கு எது தேவை என்று கணக்குப் போட்டிருப்பார்.
நெற்றி விளக்கு என் முகத்துக்கு நேராக இருக்கும்.
ஆப்பின் விலையை அவர் நிதானமாகச் சொல்லும்போது
என் வாய் அகலத் திறந்திருக்கும்,
உள்ளே பஞ்சு.