பாதுகாப்புக் கேள்வி

ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
பதினேழு படி ஏறினால் என் கடை.
போட்டோகொப்பி, லேமினேட், ரீலோட்.
ஒரு காலத்தில் ஈமெயிலும் திறந்து கொடுத்தேன்,
ஆளுக்கு நூறு ரூபாய்.

ஏஜென்சிக்காரன் கேட்கிறான் என்று
குவைத்துக்கும் டோஹாவுக்கும் போகிறவர்கள்
ஈரக் குடையோடு படியில் நின்ற வருடங்கள் அவை.
மறந்துபோனால் மீட்க இன்னொரு முகவரி கேட்கும்;
கடை முகவரியைக் கொடுத்தேன்.
தாயின் பெயர் என்ன என்று கேட்கும்;
வரிசையோ கீழ்ப்படிவரை,
ஒவ்வொருவரிடமும் யார் கேட்டுக்கொண்டிருப்பது?
என் அம்மாவின் பெயரையே ஆங்கிலத்தில் அடித்தேன்.
கருப்பாயி.
முந்நூறு பேருக்கும் கருப்பாயி.

போன செவ்வாய்க்கிழமை யோகமலர் வந்தாள்.
"மூணு மாசச் சம்பளம் இன்னும் பாக்கி அண்ணே.
அக்ரிமெண்ட் கொண்டாந்தாத்தான் பேச முடியும்ங்கிறாங்க.
அது அந்த மெயில்ல கெடக்கு.
மெயில் பூட்டிக்கிருச்சு."
அவள் நீட்டிய துண்டில் என் கையெழுத்து,
அதில் அவள் பெயர் ஓகமலர் என்றிருந்தது.
அவசரத்தில் பிழை விட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

அவளுடைய பூட்டுக்குச் சாவி
என் பழைய கடை முகவரிக்குப் போயிருந்தது.
அதை நான் திறந்தே ஏழு வருடம்.
பாஸ்வேர்ட் ஞாபகமில்லை.
அதோடு சேர்த்திருந்த லேண்ட்லைன்
மண்சரிவோடு போனது.
கடைசியில் கம்ப்யூட்டர் என்னையே கேட்டது:
தாயின் பெயர் என்ன?

அடித்தேன். தவறு.
பெரிய எழுத்தில் தொடங்கி அடித்தேன். தவறு.
ஐடியில் ஒரு விதம்,
என் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம்,
தோட்டத்துச் செக்ரோலில் இன்னொன்று.
அம்மாவுக்குச் சேலையைவிட
எழுத்துக்கூட்டல் அதிகம்.
எதுவும் ஒத்துவரவில்லை.
இன்னும் ஒரு முறைதான் என்றது திரை.

கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
யோகமலர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஏன் ஓகமலர்னு போடுறீங்கன்னு அன்னைக்கே கேட்டேன்.
கூரை ஒழுகி கீபோர்டுல தண்ணி எறங்கிருச்சு,
ஒய் வேல செய்யல,
குவைத்துல யாரு பாக்கப் போறான்னீங்க."

ஒய்.
அம்மாவின் பெயரிலிருந்து அதை எடுத்துவிட்டு
மிச்சத்தை அடித்தேன்.
அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
"கருப்பை."
வாசித்துவிட்டுச் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எண்டரைத் தட்டினேன்.

திறந்தது.

உள்ளே முழுக்க ஆறிலக்க எண்கள்.
கலாமதிக்கு ஒன்று,
மூன்று மாதம் கழித்து இன்னொன்று.
விஜயாவாக இருக்கவேண்டிய விஜாவுக்கு நான்கு,
எல்லாம் இரவு இரண்டு மணிக்கு.
லோகேஸ்வரனுக்கு ஒரே நாளில் ஒன்பது,
அதற்குப் பிறகு இல்லை.
எங்கெங்கோ இருந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள்.
இந்த எண் பத்து நிமிடத்துக்குச் செல்லுபடியாகும் என்று
எல்லாவற்றின் கீழும் எழுதியிருந்தது.

"அண்ணே, என்னுது?"

மேலேயே இருந்தது. இரண்டு நிமிடம் மிச்சம்.
நான் வாசிக்க வாசிக்க அவளே அடித்தாள்.
அக்ரிமெண்ட் நாலு பக்கம்.
டோனர் முடியப்போகிறது, மங்கலாகத்தான் வந்தது.
சம்பளம் எழுதிய வரியில் விரலை வைத்து,
"இது தெரியுது, போதும்" என்றாள்.

புது பாஸ்வேர்ட் அவளே போட்டாள்.
மறுபடியும் அந்தக் கேள்வி வந்தது.
பழக்கதோஷத்தில் கையை நீட்டியவன்
நிறுத்திக்கொண்டு கேட்டேன்:
"ஒங்க அம்மா பேரு?"

"அத நானே போட்டுக்கிறேன்."
கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
ஒற்றை விரலால்,
ஒவ்வொரு எழுத்தாய்த் தேடித் தேடி.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
கீழே பொகவந்தலாவை பஸ் ஹோர்ன் அடித்தது.
அவள் அவசரப்படவில்லை.
விசை விழும் சத்தத்தை எண்ணக்கூடாது என்றுதான் இருந்தேன்.

எட்டு.