இரண்டு ஒச்சம்மா

பெரியாஸ்பத்திரி. விடிகாலை ஐந்தரை.
சிரிஞ்சில் பத்து யூனிட் இன்சுலின்.
கோரிப்பாளையத்தில் முதல் பஸ் உறுமுகிறது.

"பேரு என்னம்மா?"
"ஒச்சம்மா."
அடுத்த கட்டிலும் விழித்துக்கொண்டு
"ஒச்சம்மா" என்றது.

கைப்பட்டையில் மை வியர்வையில் ஊறி
எட்டா மூன்றா தெரியவில்லை.
"வீட்டுக்காரர் பேரு?"
வாயைப் பொத்திச் சிரிக்கிறாள்.
"அதை எப்பிடித்தா சொல்ல?"

ஊசி நுனியில் ஒரு துளி நிற்கிறது.
சர்க்கரை இல்லாத உடம்பில் இறங்கினால்
இட்லி வருமுன்னே கண் செருகிவிடும்.

தட்டில் வைத்துவிட்டுக் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன்.
பக்கத்துக் கட்டில் உதவிக்கு வந்தாள்:
"அவ புருசன் மொக்கைச்சாமி, உசிலம்பட்டி."

என் தாளில் இருந்தது
க/பெ தவசி.

வாய்விட்டு வாசித்தேன்.
இப்போது இவள்
வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதும்
எண்ணை ஒருமுறை, இலக்கம் இலக்கமாக.