ஒரே நிறம் கேட்டவருக்கு

முந்நூறு கோப்பை கேட்டீர்கள்.
இருநூற்று எண்பத்தேழு அனுப்பினேன்.
வெடித்த பதின்மூன்றுக்குக் காசு கேட்கவில்லை.
நிறம் ஒத்துப்போகவில்லை என்று
படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள்:
வெள்ளை விரிப்பு, சன்னலுக்கு வெளியே ஏற்காட்டுப் பனி,
வரிசையாகப் பதினொன்று,
ஒரு கன்னம் மட்டும் கறுத்து.

நடந்ததைச் சொல்கிறேன்.

கன்னங்குறிச்சியில் என் சூளை
மாக்னசைட் ஆலை கழித்துப்போட்ட செங்கல்லில் கட்டியது.
முனை உடைந்தவை, முத்திரை கோணியவை.
எடைக்கு வாங்கினேன்.
நெருப்பு முத்திரை பார்ப்பதில்லை.

முதல் நாள் வெறும் புகை.
தேங்காய் நார், நாலு மட்டை, இரண்டு வரட்டி,
கைக்குழந்தைக்குக் கஞ்சி ஊட்டும் அளவு.
காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் மண்ணுக்குள்
இன்னும் கொஞ்சம் ஏரி இருக்கிறது.
விரட்டினால் சுவரை உடைத்துக்கொண்டு வரும்.
அமலோற்பவம் எவர்சில்வர் தட்டைப்
புகைபோக்கிமேல் காட்டிக்கொண்டே இருந்தாள்.
தட்டு வியர்த்தால் பொறு.
இரவு எட்டரைக்கு வியர்க்கவில்லை.
அதே தட்டில் சாப்பிட்டோம்.

பிறகு பெருந்தீ.
விறகு உங்கள் மலையுடையதுதான்,
காபிச் செடிக்கு நிழல் கொடுத்து ஓய்ந்த சில்வர் ஓக்.
பழைய இரும்புக்கடை வெப்பமானி
அறுநூற்று நாற்பதில் நின்றுவிட்டது.
தட்டினேன், திட்டினேன்,
பத்தாம் வகுப்பில் நின்ற என் மகனைப் போல
அசையவே இல்லை.
அப்புறம் கண்தான் கணக்கு.
பார்வைத் துளைக்குள் முதலில் மாதுளம் முத்து,
நேரம் போகப்போகத் தக்காளி,
கடைசியில் உங்கள் ஊர் ஆரஞ்சுத் தோல்.
அந்த ஆரஞ்சில் அரைமணி நிறுத்த வேண்டும்.
தாண்டினால் எங்கள் மண் உட்கார்ந்துவிடும்.

தக்காளியில் இருந்தபோது மணி மூன்று.
மலையிறங்கிய லாரி ஒன்றின் விளக்கு
ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில் காணாமல் போனது.
மழை எங்கே வந்திருக்கிறதென்று
எனக்கு அப்படித்தான் தெரியும்.

தகரத்தை இழுத்தோம். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டது.
தெற்கு வாய்க்கு வைத்திருந்த விறகு நனைந்தது.
ஈர விறகு எரியாது, இருமும்.
காற்று போதாத தீ
மண்ணிலிருக்கும் துருவுக்குள் வாய் வைத்து
அதன் மூச்சை உறிஞ்சும்.
அந்தக் கறுப்பு அதுதான். அழுக்கில்லை.
கழுவிப் பார்த்திருப்பீர்கள்.

"எல்லா வாயையும் சேறு பூசி அடைச்சிரலாமாக்கா?" என்றாள்.
அடைத்திருந்தால் மொத்தமும் கறுத்திருக்கும்.
ஒரே நிறம் என்ற உங்கள் சொல் நின்றிருக்கும்.
சிவப்பு என்றும் சொல்லியிருந்தீர்களே.

கொட்டகைக்குள் காய்ந்த மரம் என்று இருந்தது கதவுதான்.
கடப்பாரையால் கழற்றினோம்.
வேப்பமரம், இரண்டு பலகை, கீல் இல்லாமல்.
முதல் பலகைக்கே ஆரஞ்சு வந்தது.
இரண்டாவது பலகை அதைப் பிடித்து வைத்தது.
உங்கள் இருநூற்று எழுபத்தாறு சிவப்புக்குள்ளும்
என் கதவு இருக்கிறது.
விலையில் சேர்க்கவில்லை.

இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் பிரித்தேன்.
ஒவ்வொன்றையும் விரலால் சுண்டினேன்.
கறுத்த பதினொன்றும் மற்றவற்றைவிடக்
கொஞ்சம் கூடுதலாக ஒலித்தன.
மறைக்கத் தோன்றவில்லை, பெட்டியில் வைத்தேன்.

அவற்றைத் திருப்பி அனுப்புங்கள்.
தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள்.
விற்க இல்லை.
போன வாரம் காய்ந்த விறகில் வாளித் தண்ணீர் தெளித்து
வேண்டுமென்றே இருமவைத்துப் பார்த்தேன்.
வந்தது சாம்பல் பூத்த ஒரு பழுப்பு.
எந்த நிமிடம், எவ்வளவு ஈரம்,
பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏதாவது பிடிபடலாம்.

இப்படிக்கு,
செ. தவமணி.

பத்து வந்தாலும் போதும்.
ஒன்றில் தினமும் நீங்களே காபி குடிப்பதாக
உங்கள் வேன் ஓட்டுநர் சொன்னார்.