பூமழைக்கு முன், நாகலூர்

பக்கத்து எஸ்டேட்டில் மோட்டார் போட்டு நீர் தெளித்தார்கள்.
அங்கே காப்பி பூத்தாயிற்று.
வாசனை வேலி தாண்டி வந்து
என்னைச் சீண்டுகிறது.

எங்கள் செடிகளில் மொட்டுதான்,
ஏற்றாத மெழுகுத்திரிகளாய்.

சேலத்தில் என் மார்பிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்குக்கு
வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் என்றார்கள்.
வெள்ளி போயிற்று.
"திங்கள் பாருங்கம்மா."
இருபது கொண்டை ஊசி வளைவும்
வெறுங்கையோடு ஏறிவந்தேன்.

இன்றைய ஜெபத்தில் மரியாதை இல்லை:
கர்த்தாவே, உம்முடைய காலண்டர்
எந்த ஆணியில் தொங்குகிறது?

ஞானசிகாமணி ஒரு மொட்டை நகத்தால் கீறிக் காட்டினார்.
உள்ளே ஈரம்.
"சாகல ரூத்து. தூங்குது."
அதற்குமேல் அவரும் பேசவில்லை.

ராத்திரி தகரத்தில் நாலு சொட்டு.
நின்றுவிட்டது.
பூக்கப் போதாது, தெரியும்.

எழுந்துபோய்
வாளியை
முற்றத்தில் வைத்துவிட்டு வந்து படுத்தேன்.