டக்

பதினாறு ஸ்ரீ, சாம்பல் நிறம், நிசான் சன்னி.
பெயரிலேயே வியாதி இருக்கு என்கிறான் தம்பி.
சன்னி வரும், போகும்,
வந்த நேரம் வைத்தியன் பக்கத்தில் இருக்கமாட்டான்.

களுவாஞ்சிகுடியில் இரத்தக் குழாய்களை எண்ணி
ஐஸ் பெட்டியில் அடுக்கி
பதினொரு மணிக்குள் மட்டக்களப்பு ஆய்கூடம் சேர்க்க வேண்டும்.
காலையில், வீட்டு வாசலில், திறப்பைத் திருப்பினால்
முதல் சொல்லுக்கே எழும்பும்.
செட்டிபாளையத்தில் நிறுத்தி
இன்னும் நாலு குழாய் வாங்கி வந்து திருப்பினால்
டக்.
மேலண்ணத்தில் நாக்கைத் தட்டிவிட்டு
வாயை மூடிக்கொண்ட மாதிரி.

ஐஸ் உருகும்.
பேரின்பம் மீன் பெட்டியை இறக்கிவைத்துத் தள்ளுவார்:
"செகண்டில போட்டு உடு புள்ள!"
பின் கண்ணாடியில் செதிலோடு இரண்டு உள்ளங்கை
பின்னேரம் வரைக்கும் என்னோடு வரும்.

குணாளன் பற்றறி மாற்றினான். டக்.
ஸ்டார்ட்டரையே மாற்றினான், முப்பத்தெட்டாயிரம்.
ஒன்பது நாள் தங்கமாய் ஓடியது.
பத்தாம் நாள் குருக்கள்மடச் சந்தியில், டக்.
"பொம்புளையள் திறப்ப அரைவாசியில உட்டுடுவாங்க"
என்றான், எனக்கில்லை, பக்கத்தில் நின்றவனுக்கு.

அன்றிரவுதான் கொப்பி ஒன்று எடுத்தேன்.
செவ்வாய், 10.20, வெயில், டக்.
புதன், மழை, ஒன்றுமில்லை.
வியாழன், டக், மூன்றாம் தரம் எழும்பியது.
வெள்ளி, ஹெட்லைட் போட்டபடி திருப்பினேன், டக்,
வெளிச்சம் மங்கவில்லை.
சனி, எக்சலரேட்டர் கேபிள் சுடுகிறது.
அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டேன்,
பைத்தியக்காரி எழுதியது போலிருந்தது.

காத்தான்குடி, றம்ஸீனின் வயரிங் கடை. போயா நாள்.
பொனற்றைத் திறக்கவில்லை அவன், கொப்பியைத் திறந்தான்.
வெட்டிய வரியில் விரல் நின்றது.
"வரட்டும் மிஸ். வாற வரைக்கும் இருங்க."

இருந்தோம்.
சூடாக்கி, அணைத்து, திருப்பினேன். எழும்பியது.
பிளேன்டீ வந்தது. எழும்பியது.
லுஹர் தொழுதுவிட்டு வந்தான். எழும்பியது,
நல்ல பிள்ளைபோல்,
விருந்தினர் முன்னால் மட்டும் பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல்.
ஒரு பொருள் வேலை செய்வதைப் பார்த்து
எனக்கு எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான்.
பிழையே, வா.
உன்னை ஒருத்தரும் அடிக்கமாட்டோம்.

மூன்று மணி தாண்டி, பதினேழாம் தரம்,
டக்.
பிறை கண்டவன் மாதிரிக் கத்தினான்:
"உடாதீங்க, திறப்பப் புடிங்க!"
மீற்றரின் ஒரு முனை பற்றறி மைனஸில்,
மறுமுனை எஞ்சின் உடம்பில்.
பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில்
ஆறு வோல்ட்.

எஞ்சினையும் பொடியையும் கட்டும் பின்னல் வயர்,
மேலே கறுப்பு ரேப், யாரோ வடிவாய்ச் சுற்றியது.
உரித்தான்.
கடல் ஒரு பக்கமும் வாவி ஒரு பக்கமுமாய்
முப்பது வருசம் தின்ற செம்பு, பச்சைத் தூளாய்க் கொட்டியது.
நாலைந்து இழைதான் மிச்சம்.
குளிர்ந்தால் தொடும், சூடேறினால் விலகும்.
"திரும்பிப் போற வழி அடைபட்டா
கரண்ட் கேபிளால போகப் பார்க்கும், சுடும்.
நீங்க எழுதித்தானே இருக்கீங்க.
ஏன் வெட்டினீங்க?"

புது வயர், கூலியோடு, ஆயிரத்து இருநூறு.

அடுத்த வாரம் ஏறாவூருக்குப் போனேன்,
ஆதம்லெவ்வையின் இரும்புக் கடைக்கு.
குணாளன் கழற்றி எறிந்த என் பழைய ஸ்டார்ட்டர்
நிறுவையில் அங்கேதான் போயிருந்தது.
"அதா? செங்கலடியில ஒரு சன்னிக்குப் பூட்டியாச்சு.
ஒரு தட்டில எழும்புதாம்."
கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.
"ஏன் புள்ள, அதில என்ன பிழை இருந்த?"

ஒன்றுமில்லை என்றேன்.