பதினொன்றாம் கேள்வி

வின்டர்தூர் தொழிற்பள்ளி, அறை முப்பத்திரண்டு.
கேள்விகளுக்கு முன்பே இரண்டு கட்டங்கள்:
ஆணா, பெண்ணா.
ஜிம்னாசியமா, தொழிற்கல்வியா.
பென்சில் அங்கேயே கொஞ்சம் மழுங்கியது.

பதினொன்று:
இந்தக் கனசதுரத்தைத் திருப்பினால் எது?
நாற்பது விநாடி.

போன சனிக்கிழமை
மேல்வீட்டு லெவினுக்கு அலமாரி ஏற்றினோம்,
மூன்றாம் மாடிக்கு.
படிவளைவில் சிக்கிக்கொண்டது.
கழற்றிவிடலாம் என்றான்,
லத்தீன் படிக்கிறவன்.
தலைகீழாய்ப் பிடி, கால் சுவர்ப்பக்கம் என்றேன்.
போயிற்று.

அதை நினைத்துக்கொண்டிருந்ததில்
மணி அடித்துவிட்டார்கள்.
பதினொன்று காலி.

ஆறு வாரம் கழித்து வந்த தாளில்
இரண்டு தூண்கள், ஒன்று குட்டை.
குட்டையில் எங்கோ நான்.
எத்தனையாவது மில்லிமீட்டர்
என்று போடவில்லை.

மேலே
லெவின் அலமாரிக் கதவைச் சாத்துவது
இங்கே கேட்கிறது.